‘நான்’ என்னும் ஓசை



வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு ‘நான்’ என்னும் ஓசை நாள்தோறும் இருவேறு பொருளில் செவிப்படுகின்றது. வீட்டிற்குள் அது பேசுவோன் தன்னைச் சுட்டும் தமிழ்ச் சொல். வீதிக்கு வந்து உணவுச்சாலையின் வாயிலில் நின்றாலோ, அதே ஓசை தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் பெயராகி விடுகின்றது. நம் சிறுவர்கள் ‘நான் நானைத் தின்றேன்’ என்று சொல்லி நகைத்து விளையாடுவர். அந்த நகைப்பினுள் ஆழ்ந்த தம்மம் ஒன்று பொதிந்து கிடக்கின்றது. அதனையே இன்றைய தம்ம உரையின் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

முதற்கண் இவ்வோசையின் பிறப்பை ஆராய்வோம். நம் தமிழில் தன்மை ஒருமைக்குரிய பழஞ்சொல் ‘யான்’ என்பதே. தொல்காப்பியம் கூறுவதும் சங்கச் சான்றோர் பெரிதும் வழங்கியதும் அதுவே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலிலோ, ‘யான்’ என்பதனோடு ‘நான்’ என்பதும் இடம் பெற்று நிற்கின்றது. பழங்கன்னடத்தில் ‘ஆன்’ என இருந்தது பின்னர் ‘நானு’ ஆயிற்று. தெலுங்கில் ‘ஏனு’ என இருந்தது ‘நேனு’ ஆயிற்று. முன்னில்லாத நகர மெய் இச்சொற்களின் தலையில் எவ்வாறு வந்து ஏறியது? ‘நாம்’ என்னும் பன்மைச் சொல்லின் சாயலைப் பெற்றே ஒருமைச் சொல்லும் ‘நான்’ என உருமாறிற்று என்று மொழிநூலார் கருதுவர். இதனை இப்போதைக்கு மனத்தில் இருத்திக்கொள்க. பின்னர் இதனிடம் மீண்டு வருவோம்.

ரொட்டியைக் குறிக்கும் ‘நான்’ பாரசீக மொழிக்குரியது. அதன் முன்னோர் வடிவம் பழைய ஈரானிய மொழியில் ‘நக்ன’ என்பதாகும் என்றும், வடமொழியின் ‘நக்ன’, பாலியின் ‘நக்க’ ஆகிய சொற்களைப் போலவே ‘மூடப்படாதது’ என்பது அதன் அடிப்பொருள் என்றும் அறிஞர் உரைப்பர். சாம்பலுள் புதைத்துச் சுடாமல், அடுப்பில் மூடாது வைத்துச் சுட்ட அப்பம் ஆதலின் அப்பெயர் பெற்றதாம். தமிழ் ‘நானு’க்கும் பாரசீக ‘நானு’க்கும் யாதொரு குருதித் தொடர்பும் இல்லை. இரண்டு ஆறுகள் இரு வேறு மலைகளில் தோன்றி, தற்செயலாய் ஒரே நிறம் கொண்டு ஓடுவதைப் போன்றதே இவ்வொற்றுமை.

இன்னும் கிழக்கே செல்வோம். சீன மொழியில் ஏறத்தாழ இதே ஓசை, எழும்பும் தொனியில் சொல்லப்படும்போது, எழுத்திற்கேற்பத் ‘தெற்கு’ என்றும், ‘ஆண்’ என்றும், ‘அரிது, கடினம்’ என்றும் பொருள்படும். சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் மொழியில் ‘நான்’ என்பது ‘நெடுங்காலம்’ எனப்படும். ஜப்பானிய மொழியில் ‘நன்’ எனக் குறுகி ஒலித்து ‘என்ன?’ என்னும் வினாவாகும். ஒருவன் தன்னைச் சுட்டுகின்றான், மற்றொருவன் உணவைக் கேட்கின்றான், வேறொருவன் திசையைக் காட்டுகின்றான், இன்னொருவன் காலத்தை அளக்கின்றான், கடைசியானவன் வினவுகின்றான். நா அசைவதும் காற்று எழுவதும் ஏறத்தாழ ஒன்றே. பொருளோ ஐந்திற்கும் மேல்!

சீனத்தில் நம் பௌத்த வணக்கச் சொல்லுக்கு நேர்ந்ததும் இங்கு அறியத்தக்கது. ‘நமோ’ என்னும் சொல்லைச் சீன எழுத்தில் அமைக்க வேண்டியபோது, ஓசை பொருந்தும் இரண்டு எழுத்துகளை எடுத்து அடுக்கினர். அவ்விரண்டையும் தனித்தனியே நோக்கினால் முதலாவது ‘தெற்கு’, இரண்டாவது ‘இல்லை’. ஆயினும் அவ்வெழுத்துகளைக் கண்டு வணங்கும் சீனர் எவரும் ‘தெற்கு இல்லை’ என்று எண்ணித் தலை தாழ்த்துவதில்லை. வியட்நாமியர் ‘நாம் மோ’ என்பர். ஜப்பானியர் ‘நமு’ என்பர். நாம் ‘நமோ’ என்கின்றோம். வழக்கமும் கருத்தும் கூடி நின்று வணக்கம் என்னும் பொருளைத் தருகின்றன. அப்பொருள் எழுத்திலும் இல்லை, ஓசையிலும் இல்லை.

இனி, ஓசையோடு பொருளும் ஒத்திருந்தால் உறவு உண்டென்று துணியலாமோ எனின், அதுவும் ஆகாது. கொரிய மொழியில் ‘நா’ என்றால் தன்மை ஒருமை. அதனோடு எழுவாயைச் சிறப்பித்துக் காட்டும் இடைச்சொல் சேர்ந்து பேச்சில் சுருங்கும்போது ‘நன்’ என்றாகும். இதனைக் கேட்டு வியந்து, கொரியரும் தமிழரும் ஒரு தாய் மக்கள் என்று மகிழ்வோர் இக்காலத்தில் பலர். ஆனால் அங்கே இறுதியில் நிற்கும் னகரம் வேறு, நம் சொல்லின் னகரம் வேறு. இரு மொழிகளும் ஒரு குடும்பம் என்பதை மொழிநூல் உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒத்த ஓசை உறவுக்குச் சான்றாகாது. வேறான ஓசை பகைக்கும் சான்றாகாது. பாலியில் ‘அஹம்’, இந்தியில் ‘மைன்’, ஆங்கிலத்தில் ‘ஐ’. ஓசைகள் வெவ்வேறாயினும் சுட்டும் செயல் ஒன்றே அன்றோ?

பகவான் புத்தர் இவ்வுண்மையை நன்கறிந்து போதித்தார். மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள அரணவிபங்க சூத்திரத்தில் ஓர் எளிய எடுத்துக்காட்டு வருகின்றது. உண்கலம் ஒன்றே, அதனை ஒரு நாட்டார் ‘பாதி’ என்பர், மற்றொரு நாட்டார் ‘பத்த’ என்பர், வேறொரு நாட்டார் ‘சராவ’ என்பர், பிறரும் தத்தமக்கு வழக்கமான பெயர்களால் அழைப்பர். எந்நாட்டிற்குச் சென்றாலும் அந்நாட்டார் வழங்கும் பெயரையே பற்றின்றி வழங்குக. என் ஊர்ச் சொல்லே மெய், பிறிதெல்லாம் பொய் என்று வழக்காடற்க என்பது அங்கே பகவானது உபதேசம். அச்சூத்திரத்தின் பெயரிலுள்ள ‘அரண’ என்பதற்குப் பூசலின்மை என்பது பொருள். நம் தமிழில் ‘அரண்’ என்பதோ கோட்டை, காவல் எனப்படும். இதுவும் ஓசை ஒன்று, பிறப்பு இரண்டு!

இதே கருணையால்தான், யமேளு, கேகுடர் என்னும் இரு பிராமணச் சகோதரர் பிக்குகளாகி வந்து, புத்த வசனத்தைச் செய்யுள் மொழியில் அமைத்துக் காக்க அனுமதி வேண்டியபோது, பகவான் அதனை மறுத்து, சொந்த மொழியிலேயே கற்க அனுமதித்தார் என்று விநயபிடகம் கூறுகின்றது. ‘சொந்த மொழி’ என்பது யாருடைய மொழி என்று உரையாசிரியர்கள் வழக்காடுவதுண்டு. ஆயினும் ஒன்று தெளிவு: தம்மம் ஒரு சாராரின் ஓசைக்குள் அடைபட்டுக் கிடப்பதை பகவான் விரும்பவில்லை. நாம் தமிழில் தம்மம் கேட்பதும் பேசுவதும் அந்த அனுமதியின் நிழலில் நின்றே.

இவ்வளவும் கேட்ட பின், உங்கள் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. உண்கலத்திற்கு எப்பெயர் இட்டாலும் கலம் என்று ஒன்று உண்டு. ரொட்டிக்கு எப்பெயர் இட்டாலும் பசி தீர்க்கும் பொருள் ஒன்று உண்டு. ‘நான்’ என்று தமிழில் சொல்லும்போது அச்சொல் சுட்டும் பொருள் யாது?

மிலிந்த அரசன் நாகசேன தேரரிடம் பெயரைக் கேட்டான். நாகசேனன் என்று அழைக்கின்றனர். ஆயினும் அது அழைப்பதற்கான பெயர் மாத்திரமே என்றார் தேரர். அரசன் திகைத்தான். அவன் தேரேறி வந்ததை அறிந்த தேரர், ஏர்க்காலோ தேர், அச்சோ தேர், சக்கரங்களோ தேர், நுகமோ தேர் என்று ஒவ்வொன்றாய் வினவினார். இல்லை, இல்லை என்றே விடை வந்தது. உறுப்புகள் ஒருங்கு கூடிய வழித் ‘தேர்’ என்னும் வழக்கு எழுகின்றது. அவ்வாறே உருவம், வேதனை, சஞ்ஞை, சங்காரம், விஞ்ஞானம் என்னும் ஐந்து கந்தங்கள் கூடிய வழி ‘நான்’ என்னும் வழக்கு எழுகின்றது. இவற்றிற்கு அப்பால் மாறாத ஆன்மா ஒன்று ஒளிந்து நிற்கவில்லை. இதுவே அனத்தா.

இங்கேதான் புதிதாய்த் தம்மத்தைத் தழுவிய நம்மவருள் சிலர் கலங்குகின்றனர். அவர்கள் கேட்பதாவது: “தலைமுறை தலைமுறையாய் எங்களை மனிதர் என்று எண்ணாதவர் நடுவே வாழ்ந்தோம். போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் தீட்சை பெற்று வழிகாட்டினார். அன்று முதல் தான், ‘நானும் மனிதன்’ என்று தலைநிமிர்ந்து சொல்லக் கற்றோம். இப்போது ‘நான்’ என்பதே இல்லை என்கின்றீர். அரிதில் பெற்ற மானத்தை நீரே பறிக்கின்றீரோ?”

இவ்வினா நியாயமானது, இதனை அலட்சியம் செய்வோன் நம் மக்களுக்குத் தம்மம் உரைக்கத் தகுதியற்றவன். இதற்கு பகவானின் போதனையிலேயே நேரிய விடை உண்டு. ‘மானம்’ என்னும் சொல்லை நோக்குக. தமிழில் அது பெருமை, தன்மதிப்பு. பாலியிலோ ‘மான’ என்பது அறுத்தெறிய வேண்டிய மாசு. தன்னைப் பிறரோடு அளந்து பார்க்கும் மயக்கம். அது மூவகை என்று சூத்திரங்கள் வகுக்கின்றன: ‘நான் மேலானவன்’ என்பது ஒன்று, ‘நான் நிகரானவன்’ என்பது ஒன்று, ‘நான் தாழ்ந்தவன்’ என்பது ஒன்று. சகோதரர்களே, மூன்றாவதைக் கவனியுங்கள்! தன்னைத் தாழ்ந்தவன் என்று எண்ணுவதைப் பணிவு என்றும் அடக்கம் என்றும் உலகம் நமக்குக் கற்பித்தது. பகவானோ அதனையும் மேட்டிமையோடு ஒரே வரிசையில் வைத்து, இதுவும் மயக்கமே, இதனையும் விடுக என்றார். ஆதலின் அனத்தா நம் முதுகை வளைப்பதன்று. உயர்ந்தோன் என்பான் ஏறி நிற்கும் மேடையையும், தாழ்ந்தோன் என்பான் கிடக்கும் பள்ளத்தையும் அது ஒருங்கே இல்லையாக்குகின்றது. எஞ்சி நிற்பது சமநிலம். அந்நிலத்தில் நிற்போனுக்கு நிமிர்ந்து நிற்றலே இயல்பு.

வாசெட்ட சூத்திரத்தில் பகவான் இதனை மேலும் விளக்குகின்றார். புல்லும் மரமும், புழுவும் பூச்சியும், பாம்பும் மீனும் பறவையும் பிறப்பால் தத்தம் அடையாளம் உடையன. மனிதருள்ளோ கண், காது, கை, கால் எதனிலும் அத்தகைய வேறுபாடு இல்லை. மனிதரிடையே உள்ள வேறுபாடு பெயரளவில் வழங்குவதே என்கின்றார். சாதி என்பது ஓசை. அந்த ஓசைக்குப் பின்னே வேறான பிறவி எதுவும் இல்லை.

ஆயினும் ஓசை புண்படுத்தும் என்பதை நாம் மறுக்கவில்லை. பறை ஓர் இசைக்கருவி. ‘பறைதல்’ என்பது சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அப்பொருளிலேயே அச்சொல் வழங்குகின்றது. அக்கருவியோடு தொடர்புறுத்தப்படும் ஒரு சமூகப் பெயர் ஐரோப்பியர் வாயில் ஏறி, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் புகுந்து, யாவராலும் ஒதுக்கப்பட்டவன் என்னும் பொதுப்பெயராய் இன்றும் வழங்குகின்றது. பறையின் தோலிலோ ஒலியிலோ இழிவு இருந்ததா? இல்லை. அதனைக் கேட்டோர் நெஞ்சிலிருந்த இழிவே சொல்லின்மேல் படிந்தது. நம் முன்னோர் இதனை இருவகையில் எதிர்த்தனர். இரட்டைமலை சீனிவாசனார் 1893-ஆம் ஆண்டில் ‘பறையன்’ என்றே தம் பத்திரிகைக்குப் பெயரிட்டு, அச்சொல்லை அஞ்சாது கையிலேந்தினார். 1898-ஆம் ஆண்டில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர், அப்பெயரைப் பிறர் சுமத்தியது என்று தள்ளி, 1907-ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கினார். ஒருவர் சொல்லை எடுத்தாண்டார்; மற்றவர் சொல்லை விலக்கினார். இருவரும் சொல்லுக்கு அடிமையாகவில்லை என்பதே நாம் கற்க வேண்டுவது.

இன்னொரு சங்கடம் நம் இளைஞரை இன்றும் வாட்டுகின்றது. 1990-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால், பட்டியல் சாதியினராயிருந்து பௌத்தம் தழுவியோர்க்கும் அவ்வுரிமைகள் உண்டென்று ஏற்பட்டது. ஆயின் அவ்வுரிமையைப் பெறச் சான்றிதழில் பழைய சாதிப் பெயரை எழுதியாக வேண்டும். “சாதியை விட்டோம் என்று திரிசரணம் சொன்ன நாங்கள், அலுவலகத்தில் அச்சாதியின் பெயரை எழுதினால், பொய் கூறாமை என்னும் சீலம் கெடாதோ?” என்று மனச்சான்று உடைய பிள்ளைகள் கேட்கின்றனர்.

பிள்ளைகளே, கெடாது. போட்டபாத சூத்திரத்தில் பகவான், உலக வழக்கிலுள்ள பெயர்களைத் தாமும் வழங்குவதாகவும், ஆயினும் அவற்றைப் பற்றிக்கொள்வதில்லை என்றும் அருளினார். பாலில் தயிரும் தயிரில் வெண்ணெயும் தோன்றினும், பாலாயிருக்கும்போது அதற்குப் பால் என்றே பெயர் என்பது அங்கே அவர் காட்டும் உவமை. காசு கடன் கொடுத்த ஏட்டில் கடன்பட்டோன் பெயரை எழுதுவது போல, இந்நாட்டுச் சமூகம் நம் முன்னோர்க்குப் பட்ட கடனை எழுதிவைத்த ஏடு அச்சான்றிதழ். அதில் எழுதிய பெயர், இழைக்கப்பட்ட அநீதியின் முகவரியே ஆகும். நீ யார் என்பதை அது கூறவில்லை. உனக்கு வரவேண்டியது யாது என்பதைக் கூறுகின்றது. கைகூசாமல் எழுதுக, எழுதிய பின் அப்பெயரை நெஞ்சிலே எழுதிக்கொள்ளாதிருக்க. அதே பெயரைச் சொல்லிப் பிறிதொரு சாதியினும் நான் மேல் என்று மனம் தூண்டுமாயின், அப்போதுதான் சீலத்திற்கு ஊறு நேர்ந்ததென்று அறிக. அந்தோ, நம்முள்ளும் அத்தூண்டல் இன்னும் முற்றிலும் மாயவில்லை! பெண் கொடுப்பதிலும் கொள்வதிலும் பழைய பிரிவுகளை உசாவும் வீடுகள் நம்மிடையே இல்லையென்று யார் சொல்ல வல்லார்?

வசை கூறிய பாரத்துவாசன் என்பானிடம் பகவான், விருந்தினர் ஏற்காத உணவு யாருடையது என்று வினவினார். அளித்தவனுடையதே என்றான் அவன். ஏற்காத வசையும் அவ்வாறே என்றார் பகவான். இதனால் அநீதியைக் கண்டு வாய்மூடியிருத்தல் வேண்டும் என்று கொள்ளற்க. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் விதி நமக்கு உண்டு. அதனைக் கொண்டு முறையிடுதல் நம் கடமை. வசையை நெஞ்சில் ஏற்காதவனே கை நடுங்காமல் முறையீடு எழுத வல்லான்.

இனி, ரொட்டியாகிய ‘நான்’ நமக்குக் கற்பிப்பதும் ஒன்று உண்டு. ஆளவி நகரில் பகவான் தம்மம் உரைக்க இருந்தபோது, தொலைந்த எருதைத் தேடி அலைந்த ஏழை உழவன் ஒருவன் பசியோடு காலந்தாழ்த்து வந்தான். பகவான் அவனுக்கு முதலில் உணவளிக்கச் செய்து, அவன் உண்டு களைப்பாறிய பின்னரே உபதேசத்தைத் தொடங்கினார் என்று தம்மபத உரை கூறுகின்றது. பசித்தவனிடம் ‘நான் இல்லை’ என்று போதிப்பது தம்மமன்று. அவனுக்கு ரொட்டி கொடுப்பதே தம்மத்தின் முதற்படி. நம் விகாரைகளில் கூடும் சிறுவர்க்கு உணவும் ஏடும் கிடைத்தனவா என்று நோக்கிய பின்னரே அபிதம்மம் பேசுவோமாக.

கற்ற அளவில் ‘நான்’ என்னும் எண்ணம் அற்றுவிடுமோ எனின், விடாது. கேமகர் என்னும் தேரர் நோயுற்றிருந்தபோது, ஐந்து கந்தங்களுள் எதனையும் நான் என்று யான் கொள்வதில்லை. ஆயினும் ‘இருக்கின்றேன்’ என்னும் எண்ணம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை என்று மனந்திறந்து உரைத்தார். உவர்மண்ணும் சாம்பலும் சாணமும் இட்டு வெளுத்த ஆடை தூயதாயினும், அவற்றின் வாடை ஆடையில் சிறிது ஒட்டிக்கொண்டிருக்கும். மணப்பெட்டியில் வைத்தால் அதுவும் மறையும் என்றார். அவ்வுரையை நிகழ்த்துகையிலேயே அவரும், கேட்டிருந்த அறுபதின்மர் தேரரும் விடுதலை எய்தினர் என்று சூத்திரம் முடிகின்றது. நாம் வெளுக்கப்பட்ட ஆடையினர். பழைய உலகின் வாடை நம்மிடம் இருப்பது கண்டு மனந்தளர வேண்டா. தியானம் என்னும் பெட்டியில் நாள்தோறும் சிறிது நேரம் இருந்து வருவோமாக. சினமோ செருக்கோ கூச்சமோ எழுந்து ‘நான்’ என்று உள்ளம் ஓலமிடும்போது, ஜப்பானியர் அவ்வோசையை வழங்குவதைப் போல் ‘என்ன?’ என்று அதனை வினவுங்கள். இது உடலா, வேதனையா, பழைய நினைவா என்று நோக்குங்கள். நோக்க நோக்க அதன் பிடி தளர்வதைக் காண்பீர்கள்.

முன்னர் மனத்தில் இருத்தச் சொன்னதற்கு இப்போது வருவோம். ‘நான்’ என்பதன் நகரம் ‘நாம்’ என்பதனிடமிருந்து வந்தது என்றோம். பழந்தமிழில் ‘யாம்’ என்பது கேட்போனை விலக்கியது. ‘நாம்’ என்பது கேட்போனையும் உளப்படுத்தியது. தனித்து நிற்பதாய்த் தோன்றும் ‘நான்’, தன் முதலெழுத்தையே எதிரில் நிற்பவனையும் அணைத்துக்கொள்ளும் சொல்லிடமிருந்து கடன் பெற்றிருக்கின்றது! சொல்லின் வரலாறு தம்மத்திற்குச் சான்றென்று யாம் வாதிக்கவில்லை. தமிழ் பிறவாதிருந்தாலும் தம்மம் உண்மையே. ஆயினும் உவமையாய்க் கொள்ள இதனினும் இனியது வேறில்லை. தாய் தந்தையர், உழுதவர், நெய்தவர், எழுத்தறிவித்தவர், உரிமைக்குப் போராடியவர் ஆகிய அனைவரும் கூடியே நாம் ஒவ்வொருவரும் ‘நான்’ என்று சொல்லும் இந்நிலையை அடைந்தோம்.

சங்கத்தைச் சரணடைகின்றேன் என்று சொல்லும்தோறும், ‘நான்’ ‘நாம்’ ஆகின்றது. அந்த ‘நாம்’ என்பதில் நம்மைப் பழித்தோரும் ஒருநாள் வந்து சேரும்படி கதவைத் திறந்து வைப்போமாக.

எல்லா உயிர்களும் துன்பம் நீங்கி இன்புற்று வாழ்க! தம்மம் நிலைபெறுக!

சாது! சாது! சாது!